அம்மாவின் இங்கிலீஷ்

எடின்பரோ ஃப்ரிஞ்சில் நிகழ்ச்சி நடத்த யாருடைய அழைப்பும் வேண்டாம். 1947இல் அதிகாரபூர்வ விழாவுக்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து ஓரத்தில் கடை விரித்ததுதான் அதன் தொடக்கம். இன்று அந்த ஓரம் ஊரையே விழுங்கிவிட்டது. ஆகஸ்ட் மாதம் முழுக்கத் தேவாலயம், வகுப்பறை, பப்பின் நிலவறை என்று நான்கு சுவர் உள்ள இடமெல்லாம் அரங்குதான். அரங்க வாடகைக்கு வழியில்லாதவர்களுக்கு இலவச ஃப்ரிஞ்ச் இருக்கிறது. பப்காரர் அறையைச் சும்மா தருவார், அவருக்கு பீர் விற்கும். பார்க்க வருபவர்களுக்கு டிக்கெட் கிடையாது. முடிந்ததும் கலைஞர் வாசலில் வாளியோடு நிற்பார். பிடித்திருந்தால் போடுவார்கள்.

எனக்குக் கிடைத்தது கவ்கேட் பக்கம் ஒரு பப்பின் கீழ்த்தளம். முப்பது நாற்காலிகள். சுவருக்கு அந்தப் பக்கம் கழிவறை. அங்கே கை உலர்த்தும் இயந்திரம் இரைந்தால் நான் வாக்கியத்தை நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சொந்த ஊர் விருதுநகர், பிழைப்பு கிளாஸ்கோவில், ஆண்டு விடுப்பு மொத்தமும் இந்த நிலவறைக்கு. காலையில் ராயல் மைலில் நின்று துண்டறிக்கை கொடுப்பேன், மதியம் இரண்டரைக்கு மைக்கைப் பிடிப்பேன். பெரிய அரங்கில் சிரிப்பு ஒரு சத்தமாக வந்து சேரும். இங்கே யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை, யார் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள் என்பது வரை தெரியும்.

முதல் வாரம் முடிந்தபோது, பல வருடங்களாக அங்கே மேடையேறும் ஒருவர் என் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "உங்கள் அம்மாவைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அவர் எப்படி இங்கிலீஷ் பேசுவார் என்று ஒரு முறை பேசிக் காட்டுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அதை வையுங்கள். கூட்டம் கைக்குள் வந்துவிடும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர், அவர் கணக்கு சரிதான். வாளியும் நிரம்பும்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கிறேன். 'அம்மாவை மதிக்க வேண்டும்' என்ற பதில் எனக்கே ஒத்துவரவில்லை.

தொல்காப்பியம் சிரிப்புக்கு நான்கு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேதைமையும் மடனும் அறியாமையின் பக்கத்தவை. எள்ளல் இருவழிப்பாதை, பிறரையும் எள்ளலாம், தன்னையும் எள்ளலாம் என்பார்கள் உரைகாரர்கள். என்னை உறுத்துவது வேறு. அதே தொல்காப்பியம் அச்சம், நாணம், மடன் மூன்றையும் பெண்ணுக்குரியவையாக எழுதிவைத்திருக்கிறது. எதைப் பெண்ணின் குணம் என்று கேட்டு வாங்கினார்களோ, அதுவே சிரிப்பதற்கான பொருளும் ஆகிவிட்டது. வெளியே அனுப்பாமல் வளர்ப்பது, எட்டாவதோடு பள்ளியை நிறுத்துவது, ஐம்பத்தெட்டு வயதில் மகளின் பிரசவத்துக்காக விமானம் ஏற்றுவது, பிறகு கிளாஸ்கோவின் கடையில் 'ஃபிஷ்' வாயில் நுழையவில்லை என்று சிரிப்பது. என் அம்மாவின் இங்கிலீஷ் இந்த வரிசையின் கடைசிப் பெட்டி. அதை மட்டும் கழற்றி மேடையில் வைத்தால் முப்பது பேர் சிரிப்பார்கள். முன்னால் உள்ள பெட்டிகள் யார் கண்ணிலும் படாது.

ஆனால் இதற்கு எதிர்க்கட்சியும் எனக்குள்ளேதான் இருக்கிறது. வீட்டு விஷயத்தை வெளியே பேசாதே என்பதுதானே நமக்குச் சொல்லி வளர்த்த முதல் பாடம்? பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு. பெண் சிரிப்பதே குற்றம் என்றால், சிரிக்க வைப்பது எந்தக் கணக்கில் சேரும்? அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயை மூடிக்கொள்வதற்கும், குடும்ப மானம் என்று மாமன்மார் என் வாயை மூடியதற்கும் என்ன வித்தியாசம்? நகைச்சுவையில் பெண்களுக்கு இடம் ஒன்றும் அள்ளித் தரப்படவில்லை. 1981இல் தொடங்கிய எடின்பரோ நகைச்சுவை விருதைத் தனியாக மேடையேறி வென்ற முதல் பெண் ஜென்னி எக்ளேர், 1995இல். அடுத்த பெண்ணுக்கு 2005 வரை ஆனது. இவ்வளவு சிரமப்பட்டுக் கிடைத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நாகரிகமாக நடந்துகொள்வதா? எனக்கு அது சம்மதமில்லை. அப்பாவின் குடியைப் பற்றி, என் மாமியார் கருத்தரிப்பு மருத்துவத்துக்கு நாள் பார்த்ததைப் பற்றி எல்லாம் பேசுகிறேன். அவை மென்மையான நகைச்சுவைகள் அல்ல.

2017இல் அதே விருதைப் பகிர்ந்துகொண்ட ஹன்னா காட்ஸ்பி, 'நானெட்' நிகழ்ச்சியில் தன்னைத்தானே கேலி செய்வதை விட்டுவிடப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே ஓரத்தில் நிற்பவர் தன்னை இன்னும் தாழ்த்திக்கொள்வது பணிவு ஆகாது, பேச அனுமதி வாங்கத் தரும் விலை அது என்பது அவர் வாதம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. என்னைக் கேலி செய்துகொள்ளும் உரிமையை நான் விடமாட்டேன். வடிவேலுவைப் பார்த்து வளர்ந்தவள் நான். அடி வாங்கும் இடத்தில் நானே நிற்கிறேன், பிறகு நானே எழுந்தும் பேசுவேன். அம்மாவின் உச்சரிப்பைச் செய்து காட்டும்போது அடி வாங்குவது அங்கே இல்லாத ஆள். எழுந்து பேச அவளுக்கு வழியில்லை. ரோமேஷ் ரங்கநாதன் அம்மாவைப் பற்றி ஓயாமல் கிண்டல் செய்கிறவர். ஆனால் 2015இல் பிபிசிக்கு அவர் செய்த 'ஏசியன் புரோவொகேட்டர்' தொடரில் அம்மா சாந்தியும் திரையில் இருக்கிறார். மகன் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்கிறார். அது வேறு ஆட்டம்.

நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஏசல் பாட்டு உண்டு. சம்பந்தி வீட்டாரைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள் பெண்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் காத்திருந்து திருப்பிப் பாடுவார்கள். அந்தக் கேலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் எனக்குக் கூசியதில்லை.

என் நிகழ்ச்சியில் அம்மா வருகிற இடம் இது. பிரசவத்துக்கு வந்து ஒரு வாரம் ஆனதும் என்னிடம் கேட்டாள்: "ஏண்டி, வந்ததுல இருந்து பாக்குறேன், இந்த ஊர்ல எல்லாரும் சாரி சாரிங்கிறாங்க. அப்படி என்ன பண்ணிட்டாங்க நமக்கு?" நான் சொல்வேன்: "இருநூறு வருஷம்மா." இதற்குச் சிரிப்பு உடனே வராது. ஒரு நொடி அமைதி, கை உலர்த்தும் இயந்திரம், பிறகுதான். சில நாள் வரவே வராது. ஒரு நாள் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "அது இங்கிலாந்துக்காரர்கள் செய்தது!" என்று குரல் கொடுத்தார். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர் என்றும், சென்னையில் இன்னமும் அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னேன். அவர்தான் அன்று முதலில் சிரித்தார், வாளியில் பத்துப் பவுண்டும் போட்டார். எல்லா நாளும் அப்படி அமையாது. பேசிக் காட்டியிருந்தால் இதைவிடக் கூடுதலாக விழுந்திருக்கும். அறை வாடகைக்கு ஆகஸ்டில் அந்த ஊர்க்காரர்கள் கேட்கும் தொகை தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு என் தயக்கம் பிடிபடவில்லை. "பேசிக் காட்ட வேண்டியதுதானே. நாலு காசு வருமில்ல. நான் என்ன அங்கயா உக்காந்திருக்கேன்?" என்றாள்.

அவள் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதானே சிக்கல். ஆனால் அதை அவளிடம் எப்படி விளக்குவது என்று நான் திணறிக்கொண்டிருக்கும்போதே, அப்படியானால் தன்னைப் பற்றி என்னதான் சொல்கிறேன் என்று கேட்டாள். சாரி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நான் அதோட நிறுத்தலையே. 'சாரியெல்லாம் இருக்கட்டும், எடுத்ததைக் குடுக்கச் சொல்லு'ன்னேன்ல? அதை ஏன் விட்ட?"

மறுநாளிலிருந்து அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.