சாகினாக்காரர் பிடித்த பந்து

எர்னி ஹார்வெல் 2010 மே 4 அன்று இறந்தார். வயது 92. இரண்டு நாள் கழித்து அவர் உடலை டெட்ராய்ட்டின் கொமெரிக்கா பார்க் பேஸ்பால் மைதானத்தில், அங்கே முன்பே நிறுவியிருந்த அவருடைய சிலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஹார்வெல் அங்கே விளையாடிய ஆட்டக்காரர் இல்லை. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஆட்டங்களை 42 சீசன்கள், பெரும்பாலும் வானொலியில், வர்ணித்தவர்.

வரிசையில் நின்றவர்களில் மிகப் பலரை அவருக்கு யாரென்றே தெரியாது. "முன்னபின்ன தெரியாத ஒருத்தருக்காக அழுறதெல்லாம் துக்கமா?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வானொலி, தொலைக்காட்சி ஆட்களோடு நமக்கு உண்டாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் வைத்த 'பாராசோஷியல்' என்ற பெயர், யூடியூபர்கள் காலத்தில் ஏளனத்தோடுதான் அதிகம் புழங்குகிறது. "அவருக்கு நீ யாருன்னே தெரியாது, நீ எதுக்கு ஃபீல் பண்ற?" என்பதுதான் அதன் சாரம்.

ஹார்வெல் விஷயத்தில் இந்த ஏளனத்துக்கு ஓர் ஆதாரமும் கிடைக்கும். பேஸ்பாலில், மட்டையில் பட்டு ஆட்டக்கோட்டுக்கு வெளியே போகும் பந்து ஃபவுல் பால். அது பார்வையாளர் பக்கம் விழுந்தால் பிடித்தவருக்கே சொந்தம். அப்படி யாராவது பிடித்ததும் ஹார்வெல், அவர் சாகினாவிலிருந்து வந்தவர் என்பார். அடுத்த முறை யிப்ஸிலாண்டிக்காரர் என்பார். எல்லாம் மிச்சிகன் மாநிலத்து ஊர்கள். அத்தனை கூட்டத்தில் இவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டவர்கள் வியந்தார்கள். அவருக்குத் தெரியாது. வாயில் வந்த ஊரைச் சொன்னார்.

அப்படியானால் அந்த நெருக்கமே பொய்தானா?

நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன். மைதானத்தில் உட்கார்ந்திருந்த சாகினாக்காரர் வேண்டுமானால் கற்பனை. ஆனால் சாகினாவில் ஒருவர் அந்த நேரத்தில் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது உண்மை. அது ஹார்வெலுக்குத் தெரியும். தன் ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்வார் என்பதும் தெரியும். அந்த ஒரு வரி, பந்து பிடித்தவரைப் பற்றிய செய்தியாக இருப்பதைவிட, கேட்பவரை நோக்கிய ஒரு 'நீங்க இருக்கீங்கன்னு தெரியும்' என்பதாகவே இருந்தது. ஒருவரை அறிவது வேறு, அவரை மனதில் வைத்துப் பேசுவது வேறு. ஹார்வெலால் முதலாவது முடியாது. இரண்டாவதை விடாமல் செய்தார். சீசனுக்கு 162 ஆட்டங்கள், வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம் வரை கிட்டத்தட்ட தினமும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இன்று ஒவ்வொரு சேனல்காரரும் "நண்பர்களே", "நம்ம ஃபேமிலி" என்றுதான் தொடங்குகிறார். அதுவும் நம்மை மனதில் வைத்த பேச்சுதானே? ஹார்வெலும் சம்பளத்துக்குத்தான் பேசினார், விளம்பரமும் வாசித்தார். நான் பார்க்கும் வித்தியாசம் ஒன்றுதான்: அந்தக் குரல் நம் கவனத்தை வாங்கி என்ன செய்கிறது? தன் பக்கமே திருப்பிக்கொண்டே இருந்தால் அது வியாபாரம். வானொலி வர்ணனையாளர் நமக்குத் தெரியாத ஒன்றைக் காட்ட வேண்டியவர். பந்து, ஓட்டம், புழுதி, கூட்டத்தின் முணுமுணுப்பு எல்லாம் தெரிந்து, அவர் மறைந்துபோனால்தான் வேலை சரியாக நடந்ததாக அர்த்தம்.

கேட்டவர்களும் வெறுமனே வாங்கிக்கொண்டிருக்கவில்லை. 1991 சீசனோடு அவரை நிறுத்துவதாக அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அணியின் உரிமையாளர் மாறிய பிறகு, 1993-இல் அவர் திரும்பி வந்தார். 2009-இல் தனக்குக் குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று தெரிந்தபின், அதே மைதானத்தில் நின்று ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். பெயர் தெரியாதவர்களுக்கு இடையிலும் கடன் பட்ட உணர்வு இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அவரோடு 19 சீசன்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வர்ணித்த பால் கேரியின் துக்கமும், கராஜில் கார் ரிப்பேர் பார்த்துக்கொண்டே ஆட்டம் கேட்ட ஒருவருடைய துக்கமும் ஒன்றல்ல. கேரி இழந்தது ஒரு நண்பரை. மற்றவர் இழந்தது தன் கோடைக்காலங்களை, ஒருவேளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அப்பாவையும் சேர்த்து. இரண்டில் எது பெரிது என்று அளக்க வேண்டியதில்லை. துக்கப்பட, இறந்தவரின் போனில் நம் நம்பர் இருந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அவர் தந்தது நம் வாழ்க்கையில் தங்கியிருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

அன்று அந்த வரிசையில் சாகினாவிலிருந்து வந்த ஒருவராவது நிச்சயம் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். அவரை ஹார்வெல் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.