தவணை விடுமுறையும் தாயின் தெரிவும்

தெரிவு உள்ள இடத்திலேயே பழியும் உண்டு என்பது ஒழுக்கவியலின் பாலபாடம். பதுளை, பசறை, பண்டாரவளைத் தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பிள்ளைமடுவம் உண்டு. அவ்வயதைக் கடந்தோர்க்குப் பாடசாலையே காவல். தவணை விடுமுறையில் அக்காவலும் நீங்குகிறது. கொழுந்தோ தவணை பார்த்துத் துளிர்ப்பதில்லை. தாய்க்கு எஞ்சுவன மூன்று வழிகள்: அன்றைய பேரை இழத்தல், பாட்டியிடம் விடுதல், மூத்த மகளையே தாயாக்குதல். பாட்டியில்லாத வீட்டில் மூன்றாவது வழி இழப்பற்றதாகத் தோன்றும். ஆயின் அதன் விலையை அச்சிறுமி தன் விடுமுறையால் செலுத்துகிறாள். 1984 இல் தோட்டப் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான நாட்கூலி கிட்டியது. கூலி சமமாயிற்று, பராமரிப்புச் சுமை சமமாகவில்லை. ஆகவே, தாயைக் குறைகூறுமுன், தந்தையும் தோட்டமும் அரசும் அவளுக்கு விட்டுவைத்த தெரிவுகள் எவையென வினவுதலே நீதியாகும்.