துப்பாக்கியின் விலையும் வேட்டையின் தர்மமும்

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா, விஸ்கான்ஸின் முதலிய ராஜ்யங்களில் நவம்பர் மாதக் கடைசியில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. ஆலைத் தொழிலாளியும் சிறு விவசாயியும், குளிர்காலத்துக்கு வேண்டிய இறைச்சியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு, அதற்குமுன் துப்பாக்கிக் கடையில் நுழைந்து, கையிலிருக்கும் சொற்பப் பணத்துக்கு எது கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். கடைக்காரருக்கு அது வியாபாரம். வாங்குகிறவருக்கோ குடும்ப வரவுசெலவுக் கணக்கு. ஆயினும் அந்தப் பேரத்தில் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. ஆயுதத்தின் குற்றங்குறைகளைத் தன் உடம்பிலே அனுபவிக்கப் போகிற பிராணிதான் அது. பேரம் நடக்கும் இடத்தில் வாய் திறக்க வழியில்லாத அந்த ஜீவனின் சார்பாக நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றிருக்கிறது: கொல்லப் போகிறவனுக்குச் சிக்கனம் பண்ணும் உரிமை எவ்வளவு?

கொலையே பாவம் என்று ஆன பிறகு, கொலைக்கருவியின் தராதரத்தைப் பற்றித் தர்ம விசாரணை எதற்கு என்று நம்மவர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் நம் முன்னோர்கள் கொலையைப் பாவம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி ஒதுங்கிக்கொள்ளாமல், அதைக் கூறுகூறாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள். கொல்பவனோடு சம்மதித்தவன், வாங்கினவன், விற்றவன், சமைத்தவன், பரிமாறினவன், உண்டவன் ஆகிய அத்தனை பேரையும் மநுஸ்மிருதி குற்றவாளிகளாக்குகிறது. வேட்டையை ஏழு வியசனங்களில் ஒன்றாக வைத்து விலக்கிய ஜைனர்களும், துறவிக்கு மகாவிரதமும் இல்லறத்தானுக்கு அணுவிரதமும் வகுத்து, மனமறிந்து செய்யும் ஹிம்சை வேறு, உழவிலும் சமையலிலும் தவிர்க்க முடியாமல் நேரும் ஹிம்சை வேறு என்று தரம் பிரித்தார்கள். திருவள்ளுவரும் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலிலேதான் வைத்தார். இதனால் கொலை நியாயமாகிவிடுகிறது என்பதில்லை. ஹிம்சையில் ஏற்றத்தாழ்வு உண்டு என்பது மட்டும் நிச்சயமாகிறது. எல்லாம் ஒரே பாவந்தான் என்று கதவைச் சாத்திவிட்டால், கொல்லுகிறவன் காட்டக்கூடிய சிறிதளவு தயைக்கும் இடமில்லாமற் போய்விடும். அந்த நஷ்டம் முழுவதும் மானைத்தான் சாரும்.

புலால் உணவை அநுமதித்த மதங்கள் இந்த உண்மையை நன்கு அறிந்திருந்தன. யூதர்களின் விதிப்படி, அறுக்கிறவன் தன் கத்தியின் அலகை விரல் நகத்தின்மேல் ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். நகத்தில் தட்டுகிற மிகச் சிறிய பல் ஒன்று அலகில் இருந்தாலும் அந்தக் கத்தியால் அறுத்த இறைச்சி உண்ணத் தகாதது. கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணியின் உபத்திரவத்தைக் குறைக்க வேண்டும் என்பது நபிகள் நாயகத்தின் போதனை. கருவியின் குறை கொல்லுகிறவனின் குறை என்பதே இவ்விரண்டுக்கும் அடிப்படை.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிராக் நகரத்து யூத குருவாக விளங்கிய எஹெஸ்கேல் லாந்தோவிடம், காடும் கிராமங்களும் நிறைந்த பெரிய பண்ணைக்குச் சொந்தக்காரரான ஒரு தனவந்தர் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போகலாமா என்ற கேள்வி வந்தது. வேத புஸ்தகத்தில் வேட்டைக்காரர்களாகக் காணப்படுகிறவர்கள் நிம்ரோதும் ஏசாவுமே என்று எடுத்துக் காட்டிய அவர், பொழுதுபோக்குக்காக உயிரைக் கொல்வது கொடுமைக் குணம் என்று கண்டித்து, ஜீவனத்துக்காக அத்தொழிலை மேற்கொள்ளும் ஏழையை மட்டும் விலக்காக விட்டார். தனவந்தருக்கு மறுத்ததை ஏழைக்கு அவர் அநுமதித்தது கவனிக்கத்தக்கது. வேட்டைக்கு ஒரு நியாயம் உண்டென்றால், பணம் குறைந்தவனிடமே அது அதிகமாக இருக்கிறது. ஆகவே, பணமில்லாதவன் துப்பாக்கி எடுக்கக்கூடாது என்று சொல்லி நாம் விவகாரத்தை முடித்துவிட முடியாது.

இனி அந்தத் துப்பாக்கியையே சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். 1958-ஆம் ஆண்டில் ஸாவேஜ் கம்பெனி 110 என்னும் துப்பாக்கியை வெளியிட்டது. அதை அமைத்த நிக்கலஸ் ப்ரூவர், குழாயை உடலோடு இணைக்கும் இடத்தில் ஒரு பூட்டு மரையை வைத்தார். தோட்டா உட்காரும் இடத்தின் அளவு மயிரிழையும் பிசகாதபடி ஒவ்வொரு குழாயையும் கைவேலையால் இழைத்துப் பொருத்த வேண்டிய சிரமம் அதனால் நீங்கியது. அளவுக் கருவியை வைத்துக் குழாயைத் திருகி, மரையை இறுக்கினாற் போதும். செலவு குறைந்ததேயன்றிக் குறி கெடவில்லை. இன்றைய மலிவுத் துப்பாக்கிகள் பலவும் இந்த முறையைக் கைக்கொண்டவையே. 500 டாலர் அளவில் கிடைக்கும் இவற்றின் கட்டை பிளாஸ்டிக், பூட்டை இழுத்தால் கரகரக்கும், பளபளப்பு இராது. ஆனால் நல்ல தோட்டாவைப் போட்டுச் சுட்டால், 100 கஜத்தில் மூன்று குண்டுகளையும் ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் சேர்த்துவிடும். மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய மர்மஸ்தானமோ ஏறக்குறைய 8 அங்குல அகலமுடையது. அங்கே குண்டு பாய்ந்தால் மான் சில விநாடிகளில் விழுந்துவிடும். ஒரு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் பாய்ந்தாலோ, புதருக்குள் போய்ப் படுத்து மணிக்கணக்காக வதைபட்டுச் சாகும்.

இவ்விரண்டு மரணங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தீர்மானிப்பது துப்பாக்கியின் விலைச்சீட்டு அன்று. மேலே பொருத்தும் டெலஸ்கோப்பின் திருகாணி தளர்ந்திருந்தால், 2,000 டாலர் துப்பாக்கியும் வயிற்றையே துளைக்கும். வால்நட் மரக்கட்டையிலும் சித்திர வேலையிலும் மிச்சம் பிடிக்கிற மனிதன் மானுக்கு ஒரு தீங்கும் செய்தவனல்லன். தோட்டா விலை அதிகம் என்று சுட்டுப் பழகாமலே காட்டுக்குப் போகிறவனோ, தன் சிக்கனத்தின் செலவை மானின் தலையிலே கட்டுகிறான். வாங்குகிறவர் தம் பணத்தைப் பங்கிடும்போது, துப்பாக்கியில் குறைத்தாவது பயிற்சித் தோட்டாவுக்கு மீதம் வைப்பதே தர்மம்.

விலை உயர்ந்த ஆயுதத்துக்கும் தனியான ஒரு பாவம் உண்டு. எட்டாத தூரத்துக்கும் குறி வைக்கலாம் என்ற மமதையை அது வளர்க்கிறது. கண்ணால் காணாததையும் ஒலியைக் கொண்டே எய்ய வல்ல சப்தவேதி வித்தையில் தேர்ந்திருந்த தசரதன், இருளில் சரயு நதிக்கரையில் குடம் நிறையும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசையென்று கருதி அம்பு தொடுத்து, முனிகுமாரனைக் கொன்றான். அவனிடம் ஆயுதக் குறைவும் இல்லை, திறமைக் குறைவும் இல்லை. அடக்கம் ஒன்றே குறைந்தது. தன் துப்பாக்கியின் எல்லையை உணர்ந்து, காற்றின் திசை பார்த்து அருகே நெருங்கிச் சென்று, நிச்சயமில்லாதபோது சுடாமலே வீடு திரும்பும் ஏழை வேடன், தர்மத்தின் தராசில் அந்தச் சக்கரவர்த்தியைக் காட்டிலும் உயர்ந்து நிற்கிறான்.

சிக்கனத்தின் சுமை சில சமயம் மானையும் தாண்டிப் போகிறது. ஈயக் குண்டு மலிவு. தாமிரக் குண்டுக்கு விலை அதிகம். மானின் உடலில் ஈயம் துகள்துகளாகச் சிதறுகிறது. வேட்டைக்காரர் காட்டில் எறிந்துவிட்டுப் போகும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கு அது விஷமாகிறது. கலிபோர்னியாவின் காண்டோர் கழுகினம் 1987-ல் 27 பறவைகளாகக் குறைந்து, அத்தனையையும் கூண்டில் வைத்துக் காப்பாற்ற நேர்ந்ததற்கு இந்த ஈயமும் ஒரு முக்கியக் காரணம். 2019 ஜூலை முதல் அந்த ராஜ்யத்தில் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது என்று சட்டம் அமலுக்கு வந்தது. வேட்டைத் துப்பாக்கிமீதும் தோட்டாமீதும் வசூலாகும் 11 சதவீத வரியை வனவிலங்குகளின் பாதுகாப்புக்கே ஒதுக்கும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டமோ 1937-லேயே ஏற்பட்டது. எடுக்கிறவன் காட்டுக்குக் கடன்பட்டவன் என்பதை லௌகிக அரசாங்கமே இவ்வாறு ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆகவே சிக்கனம் புண்ணியமா, லோபமா என்பதைத் தீர்மானிக்க ஒரே பரீட்சைதான் உண்டு: மிச்சமான பணத்தின் வலியை யார் அநுபவிக்கிறார்கள்? தன் சுகத்திலும் ஆடம்பரத்திலும் குறைத்துக்கொண்டால் அது சிக்கனம். வாயில்லாத ஜீவனின் மீது சுமத்தினால் அது திருட்டு. வேட்டையே வேண்டாம் என்று விட்டுவிட முடிந்தவர்கள் விட்டுவிடுவதே உத்தமம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. விட முடியாதவர்கள் மலிவான துப்பாக்கியைத் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் தோட்டாவிலும் பயிற்சியிலும் பொறுமையிலும் ஒரு காசும் மிச்சம் பிடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.