குழம்பில் கலந்த மாத்திரை

எங்க சேரிப் பொம்பளைங்க குழாயடியில் குசுகுசுவென்று பேசிக்கொள்கிற விஷயங்களில் ஒன்று இந்த மாத்திரை. புருஷனுக்குத் தெரியாமல் பொடித்துக் குழம்பில் கலந்துவிட்டால் குடியை விட்டுடுவானாம். டைசல்ஃபிரம் என்று பெயர். உள்ளே போன சாராயத்தைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்கிற நஞ்சாக்கும், பிறகு அந்த நஞ்சையும் முறிக்கும். இரண்டாவது வேலையை மாத்திரை தடுத்துவிடுகிறது. நஞ்சு தங்கிப்போய் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். செத்துப்போகவும் வாய்ப்புண்டு. மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரைக்கும் ஆபத்து விடாது. குடிப்பவனிடம் சொல்லி, அவன் சம்மதித்த பிறகே கொடுக்கணும் என்று மருத்துவம் சொல்வது இதனால்தான்.

ஒருத்தனுக்குத் தெரியாமல் அவன் உடம்புக்குள் மருந்தைச் செலுத்தலாமா? கூடாது என்றுதான் நினைக்கிறேன். காலங்காலமாக நம்ம உடம்பை நம்மைக் கேட்காமலே மேல்சாதிக்காரன் ஆண்டிருக்கிறான். எங்கே நிக்கணும், எதை உடுத்தணும், எவன் மலத்தை அள்ளணும் எல்லாம் அவன் வைத்ததுதான். குடிகாரனுக்கும் அவன் உடம்பு அவனுடையதுதானே.

ஆனால் இதை அவளிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. ராத்திரியில் அடி வாங்குகிறவள். கூலியில் கடைக்குப் போனது போக மிச்சத்தில் உலை வைக்கிறவள். அவன் என்ன, அவளைக் கேட்டுக்கொண்டா அடிக்கிறான்? சம்மதப் பேச்சை அவளிடமிருந்து ஆரம்பிப்பது எந்த ஊர் நியாயம்?

வேறு வழியை யாரும் சொல்லவில்லை என்பதால்தான் அந்த மாத்திரை அவள் கைக்கு வந்தது. 2003இலிருந்து அரசே டாஸ்மாக் கடை வைத்து விற்கிறது. கடைக்கு யாரும் வழி கேட்கவேண்டியதில்லை. வைத்தியத்துக்குத்தான் வழி தெரியாது. நெடுநாள் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து உளறுவான், உயிரே போகலாம். பேய் பிடிச்சிருச்சு என்று கோடாங்கிக்காரனிடம் இழுத்துப்போகிறார்கள். அவனுக்கு வேண்டியது ஆஸ்பத்திரிப் படுக்கை, நடுக்கத்தை அடக்கும் மருந்து, தயமின் ஊசி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் உண்டு. குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகளும் இருக்கின்றன. மேலே குடித்துவிட்டாலும் டைசல்ஃபிரம் மாதிரி இவை ஆளைச் சாய்ப்பதில்லை.

பத்து நாள் படுத்தால் பத்து நாள் கூலி போச்சு, அதை யார் கொடுப்பது? மலக்குழியில் இறங்குகிறவன் நாத்தம் மறக்கத்தான் குடிக்கிறான். 2013இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் இறக்கத்தான் செய்கிறார்கள். குடிக்காதே என்று சீட்டு எழுதி வார்டிலிருந்து அனுப்புகிறார்கள். மறுநாள் விடியக்காலையில் மேஸ்திரி வந்து வாசலில் நின்று கூப்பிடுகிறான்.