அளவையும் அறிவும்

அறிவைப் பெறும் வழியைத் தமிழ்த் தருக்க நூல்கள் ‘அளவை’ என்று வழங்குகின்றன. காட்சி, கருதல், உரை என அதை வகுத்து, எப்பொருளையும் ஏற்குமுன் அது எந்த அளவையால் அறியப்பட்டது என்று வினவுவது அவற்றின் முறை. அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவுவதற்கு முன் அளவைகளையே ஆராய்கிறார். முழத்துக்கும் படிக்கும் இதே சொல் வழங்குவதை இயற்பியல் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில் பல்கலைக்கழகத்தில் கருதல் வகுப்பறையிலும் காட்சி ஆய்வகத்திலும் தனித்தனியே கற்பிக்கப்படுவதால், சமன்பாட்டில் தேர்ந்தவர் கருவியை வெறும் ஏவலாளாகக் கருதிவிடுவது எளிது.

வெர்னர் ஹைசன்பர்க்கின் மாணவப் பருவம் இதற்குத் தெளிவான சான்று. 1920-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அர்னால்டு சோமர்ஃபெல்டிடம் கோட்பாட்டு இயற்பியல் பயின்ற அவர், சீராக ஓடும் நீர்மம் எந்நிலையில் கொந்தளிக்கத் தொடங்குகிறது என்னும் கடினமான கணக்கை முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். 1923 ஜூலையில் நடந்த வாய்மொழித் தேர்வில், செய்முறை இயற்பியல் பேராசிரியரான வில்ஹெல்ம் வீன், நுண்ணோக்கியின் பகுதிறனை, அதாவது நெருங்கியுள்ள இரு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக்காட்டும் ஆற்றலைப் பற்றிக் கேட்டபோது, 21 வயது மாணவரால் விளக்க முடியவில்லை. சேமக்கலம் வேலை செய்யும் விதத்தையும் சொல்ல முடியவில்லை. வீன் தேர்ச்சி தர மறுக்க, சோமர்ஃபெல்டு மிக உயர்ந்த மதிப்பீட்டை வழங்க, இரண்டுக்கும் நடுவே ஒரு சாதாரணத் தேர்ச்சியோடு பட்டம் கிடைத்தது.

ஒரு துகளின் நிலையையும் உந்தத்தையும் ஒருசேர வரம்பின்றித் துல்லியமாக அறிய இயலாது என்னும் நிச்சயமின்மைக் கோட்பாட்டை 1927-இல் விளக்க ஹைசன்பர்க் எடுத்துக்கொண்ட கற்பனைக் கருவியும் ஒரு நுண்ணோக்கியே. எலக்ட்ரானைக் காணச் செலுத்தும் காமா கதிர் பட்டதும் அதன் உந்தம் மாறிவிடுகிறது என்பதோடு அவர் விளக்கம் நின்றது. மோதலில் மாறும் உந்தம் கணக்கிடத்தக்கதே என்றும், சிதறிய ஒளி வில்லையின் அகன்ற வாய்க்குள் எத்திசையில் நுழைந்தது என்பது தெரியாததால்தான் அக்கணக்கு முடிவுபெறுவதில்லை என்றும் நீல்ஸ் போர் எடுத்துக்காட்டினார். வாய் அகல அகலப் பகுதிறன் கூடி நிலை தெளிவாகிறது. அதே அகலத்தால் திசை மங்குகிறது. ஹைசன்பர்க் இத்திருத்தத்தைத் தம் கட்டுரையின் பின்குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

வீன் கேட்டது, மேதை ஒருவருக்குத் தேவையற்ற சிறு வினாவாகத் தோன்றலாம். உண்மையில் அது அளவை பற்றிய வினா. நிச்சயமின்மை நுண்ணோக்கியின் குறை அன்று என்பதும் உண்மையே. அதே 1927-இல் இயற்பியலாளர் ஏர்ல் கென்னார்டு எந்தக் கருவியையும் துணைக்கு அழைக்காமல், குவாண்டம் கணிதத்திலிருந்தே அந்த வரம்பை நிறுவினார். ஆயினும் எலக்ட்ரானின் ‘நிலை’ என்னும் சொல்லுக்கு, அதை அளக்கும் முறையைச் சொல்லாமல் பொருள் இல்லை என்று தம் 1927 கட்டுரையிலேயே வாதிட்டவர், தேர்வறையில் நுண்ணோக்கியை விளக்க இயலாது நின்ற அதே ஹைசன்பர்க்தான். நிறமாலைமானியின் முன் அமர்ந்து பிளவைச் சரிசெய்யும் மாணவரும், வகுப்பில் தாம் எழுதிய ‘அலைநீளம்’ என்னும் சொல்லுக்கு இருட்டறையில் பொருள் தேடிக்கொண்டிருக்கிறார்.