கடைமடைக்கு வந்த தண்ணீர்

பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்கு எலினோர் ஆஸ்ட்ரம் முயன்றபோது, கணிதம் போதாது என்று இடம் மறுத்தார்கள். பெண்ணுக்குத் திரிகோணமிதி எதற்கு என்று தடுத்ததே பள்ளிக்கூடம்தான்! அதனால் அவர் அரசியல் அறிவியல் படித்தார்.

நேபாளப் பாசனத்தை ஆராய்ந்த அவரும் சகாக்களும் கண்டது பொறியாளர்களுக்குக் கசந்திருக்கும். உழவர்களே பராமரித்த வாய்க்கால்களில் கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகப் போனது. அரசின் கான்கிரீட் அணை வந்த பல இடங்களில் போகவில்லை. கல்லும் மண்ணும் மரக்கிளையுமாகக் கட்டிய அணை அடிக்கடி உடையும். அதைச் செப்பனிட, தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் உழைப்பு வேண்டும். ஆகவே தண்ணீரில் பங்கும் தந்தாக வேண்டும். கான்கிரீட்டுக்கு யார் தயவும் தேவையில்லை.

2009-இல் அவர் பொருளாதார நோபல் பெற்றார்; அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அறிவிப்பைக் கேட்டு, யார் இவர் என்று தேடிய பொருளாதாரப் பேராசிரியர்களும் உண்டு.