நிழலைப் பிடிப்பதும் நிறத்தை மாற்றுவதும்

வல்லக்கோட்டை என்றதும் பலருக்கும் நினைவில் வருவது அங்குள்ள முருகன் கோயில்தான். ஆனால் இன்று அந்த ஊரைச் சுற்றி எழுந்திருக்கும் உலகம் வேறு. ஒரு பக்கம் ஒரகடத்தில் டெய்ம்லர் லாரிகள் உருவாகின்றன. மறுபக்கம் வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துச் செல்பேசி ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்காக 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி ஒன்று 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்டது. உலகத்தார் தம் முகத்தைத் தாமே படமெடுத்து மகிழ்கிற கருவிகளில் பல இந்தப் பெண்களின் விரல்களால் பூட்டப்படுபவை. அப்படிப் பூட்டும் ஒரு பெண்ணின் படம்தான் நம்மை இதை எழுத வைத்தது.

நம் நண்பர் ஒருவரின் அண்ணன் மகள் அவள். தந்தை இல்லாத பிள்ளை. சாச்சாவான நம் நண்பர்தான் பொறுப்பு. மாநிறம், இடக் கன்னத்தில் ஒரு மச்சம். வல்லக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்து, வாணியம்பாடிப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டாருக்குச் செல்பேசியில் அனுப்பினார்கள். அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. பெண் பார்க்க நேரில் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பெண்ணை ஒரு முறை பார்த்தார். கைப்பையிலிருந்து செல்பேசியை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பெண்ணைப் பார்த்தார். "இது இந்தப் பொண்ணோட போட்டோதானா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வைத்த சர்பத்தை யாரும் தொடவில்லை.

அவர்கள் போன பிறகு அந்தப் பெண் அழவில்லையாம். "அவங்க போனதுல எனக்கு வருத்தமில்ல சாச்சா. என் மூஞ்சியத் திருத்தித்தான் அனுப்பணும்னு நீங்களே நெனச்சிட்டீங்களே" என்று மட்டும் சொன்னாளாம். இதை நம்மிடம் சொல்லும்போது நண்பரால் தொடர்ந்து பேச முடியவில்லை.

ஸ்டுடியோக்காரரிடம் நியாயம் கேட்க நாமும் உடன் சென்றோம். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராத இளைஞர். "பாய், 'கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிக் குடுங்க'ன்னு சொன்னது நீங்கதானே?" என்று கேட்டார். நண்பர் வாயடைத்துப் போனார். சொன்னது உண்மைதான். அதன் பிறகு அந்த இளைஞர் சொன்ன இரண்டு வாதங்கள் வெறும் சமாளிப்பு அல்ல. பதில் சொல்ல நமக்குப் பல நாள் ஆயிற்று.

முதல் வாதம் இது: திருத்தாத படம் என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை. இதை நாம் விசாரித்தறிந்தோம். அவர் சொன்னது சரிதான். டிஜிட்டல் கேமராவின் உள்ளே ஒளியை வாங்கும் தகட்டில் லட்சக்கணக்கான சிறு புள்ளிகள் இருக்கின்றன. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறையையே இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. அதன்படி ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கும். பாதிப் புள்ளிகள் பச்சைக்கு. கால் பங்கு சிவப்புக்கு. கால் பங்கு நீலத்துக்கு. மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கருவி தானே கணக்கிட்டு நிரப்பிக் கொள்கிறது. ஆக, நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்! எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கருப்பு என்பதையும் கருவியைச் செய்தவர்கள் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் மாநிற முகம் கரிக்கட்டையாகத் தெரியும். அந்த முகத்துக்கு ஒளி கூட்டுவது பொய்யா? கூட்டாமல் விடுவதல்லவா பொய்!

இங்கே மார்க்கத்தின் பழைய விவாதம் ஒன்றை நினைவுகூர வேண்டும். உருவம் வரைவதைக் கண்டித்து வந்துள்ள ஹதீஸ்கள் புகைப்படத்துக்கும் பொருந்துமா என்று உலமாப் பெருமக்கள் நூறாண்டுகளாகக் கருத்து வேறுபட்டு வருகிறார்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், புகைப்படம் என்பது மனிதன் படைக்கும் உருவமல்ல, கண்ணாடியில் விழும் நிழலைப் பிடித்து நிறுத்தி வைப்பதே என்று கூறி அனுமதித்தார்கள். நம் நாட்டு தேவ்பந்த் மரபில் வந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்களோ அதை உருவமாகவே கருதித் தடுத்தார்கள். அன்னவர்களின் மகனார் முஃப்தி தகீ உஸ்மானி அவர்கள், திரையில் தோன்றும் டிஜிட்டல் படம் நிலையாகப் பதியாததால் அச்சிடாத வரை அந்தத் தடையில் சேராது என்கிறார்கள். இந்த மூன்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளட்டும். (பெண்ணின் படத்தை ஊர் ஊராக அனுப்புவது கூடுமா என்ற கேள்வியும் தனியே இருக்கிறது. அதை இன்னொரு மாதம் எழுத வேண்டும்.)

நமக்குத் தோன்றுவது இதுதான். 'நிழல்தானே' என்ற சலுகையில் நின்றுகொண்டுதான் நம்மில் பெரும்பாலோர் படம் எடுக்கிறோம். நிழலுக்கு உரியவர் நேரில் வந்து நின்றால் நிழல் வெட்கப்படக் கூடாது. ஒளி கூட்டுவதும், கருவி ஏற்றிய மஞ்சளைக் குறைப்பதும், சாய்ந்த படத்தை நேராக்குவதும் நிழலை அதன் உரியவரிடம் கொண்டு சேர்க்கிற வேலை. மச்சத்தை அழிப்பதும், மூக்கைக் கூராக்குவதும், மாநிறத்தைக் கோதுமை நிறமாக்குவதும் நிழலை அவரிடமிருந்து பிரித்தெடுக்கிற வேலை. இரண்டையும் செய்வது ஒரே சாஃப்ட்வேர்தான். திரையில் ஓடுவதும் ஒரே விரல்தான். வேறுபாடு, படத்தைப் பார்க்கிறவர் எதை நம்பிப் பார்க்கிறார் என்பதில் இருக்கிறது.

அந்த இளைஞரின் இரண்டாவது வாதம் இதைவிடக் கூர்மையானது. "இந்தக் காலத்துல எல்லாரும் டச்சப் பண்ணித்தான் அனுப்புறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும் பாய். தெரிஞ்ச விஷயத்துல ஏமாத்து எங்க வந்துச்சு?"

சந்தைத் தானியக் குவியலின் சம்பவம் வாசகர்கள் அறிந்ததே. நாயகம் (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் நனைந்தன. மழை பெய்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். தானியத்தை நனைத்தது வியாபாரியல்ல, மழை. ஈரம் குற்றமாகவில்லை, மறைத்ததுதான் குற்றமாயிற்று. விற்பதற்கு முன் ஆட்டையும் ஒட்டகத்தையும் பால் கறக்காமல் மடி பெருக்க விடுவதையும் நபியவர்கள் தடுத்தார்கள். வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அளித்தார்கள். இதிலிருந்து எடுத்து இமாம் நவவி அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில், அடிமை வியாபாரம் இருந்த அக்காலத்தில் விற்பதற்காக முகத்தைச் சிவப்பாக்குவதும், முடியைக் கருப்பாக்குவதும், சுருட்டி விடுவதும் கொள்முதலை ரத்துச் செய்யும் உரிமையைத் தரும் என்று எழுதுகிறார்கள். ஆனால் எழுத்தர் என்று எண்ணும்படி அடிமையின் உடையில் மையைத் தடவியிருந்தால், வலுவான கருத்தின்படி அந்த உரிமை இல்லை. மைக் கறையைக் கண்டு ஏமாந்தவர் விசாரிக்காமல் விட்டது அவர் தவறு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஸ்டுடியோ இளைஞர் சொன்னதும் கிட்டத்தட்ட இந்த மைக் கறை வாதம்தான்! மின்ஹாஜை அவர் படித்திருக்க வழியில்லை. ஆனால் ஃபிக்ஹு கலைஞர்கள் எடுத்துப் பேசிய ஒரு நியாயத்தைத் தானாகவே தொட்டுவிட்டார்.

இருந்தும் நாம் அதை ஏற்கவில்லை. எல்லாப் படங்களும் திருத்தப்பட்டவை என்று ஊரே எண்ணத் தொடங்கினால், பார்ப்பவர் ஒவ்வொரு படத்திலிருந்தும் தம் மனத்துக்குள் கொஞ்சம் நிறத்தைக் கழித்துக் கொள்வார். திருத்தியவருக்கு அதில் நஷ்டமில்லை, கூட்டியதுதான் கழிகிறது. உள்ளபடி அனுப்பிய பெண்ணுக்கோ இருப்பதும் கழிந்து போகிறது. ஊரறிந்த பொய்யின் அபராதத்தை உண்மை சொன்னவளே கட்டுகிறாள். பிறகு அவள் வீட்டாரும் வேறு வழியின்றி ஸ்டுடியோவுக்கு ஓடுகிறார்கள். நம் நண்பரும் அப்படி ஓடியவர்தான். தீய எண்ணம் கொண்டவரல்லர்.

மருதாணியும் சுர்மாவும் அலங்காரமில்லையா என்று தாய்மார்கள் கேட்கலாம். அலங்காரம்தான். அது அலங்காரமாகவே கண்ணுக்குத் தெரிகிறது. மருதாணி இட்ட கையைப் பார்த்து, பிறவியிலேயே சிவந்த கை என்று எவரும் எண்ணுவதில்லை.

இந்த விஷயம் வந்தால் பெண்களை மட்டும் உபதேசிப்பது நம்மவர் வழக்கம். ஆகவே இமாம் கஸ்ஸாலி அவர்கள் 'இஹ்யா'வில் பதிந்துள்ள ஒரு செய்தியையும் சொல்லி விடுகிறோம். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஒருவர் நரையைக் கருப்புச் சாயத்தால் மறைத்து மணம் முடித்தார். சாயம் வெளுத்ததும் பெண் வீட்டார் முறையிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் அந்த நிக்காஹை ரத்துச் செய்து, இளமை காட்டி மக்களை ஏமாற்றியதற்காக அவருக்கு அடியும் கொடுத்தார்கள். தண்டனை பெற்றவர் மாப்பிள்ளை! இன்றும் வழுக்கையை நிரப்பி, தொப்பையைக் குறைத்துப் படம் அனுப்பும் மாப்பிள்ளைமார் இல்லாமல் இல்லை.

மணம் பேசும் பெண்ணைப் பார்த்துக் கொள்ளும்படி முகீரா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது, இருவருக்கும் இடையே இணக்கம் நிலைக்கட்டும் என்பதற்காகத்தான். அந்தப் பார்வையின் இடத்தில் நாம் இப்போது ஒரு படத்தை வைத்திருக்கிறோம். அந்தப் படம் ஓர் அமானிதம். ஆனால் இதில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இழைத்த மோசத்தைவிட அந்தப் பெண்ணுக்கு இழைத்ததே பெரிது என்று நமக்குப் படுகிறது. அவள் முகம் நனைந்த தானியமல்ல. மறைக்கவோ, அறிவிக்கவோ அதில் குறை எதுவும் இல்லை. அல்லாஹுத் தஆலா கொடுத்த நிறத்தைச் சரக்கின் பழுதாக முதலில் பார்த்தது யார்? வாணியம்பாடிக்காரர்கள் அல்லர். அவளைத் தூக்கி வளர்த்த வீடு.

அந்த இளைஞர் நல்லவர். பழைய படத்தை அழிக்காமல் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். பின்னால் எரிந்த டியூப் லைட்டினால் முகம் இருண்டு கிடந்தது. இருட்டை மட்டும் நீக்கி, நிறத்தைத் தொடாமல் திரையில் கொண்டு வந்தார். இரண்டு நிமிட வேலை. கன்னத்து மச்சம் இருந்த இடத்தில் இருந்தது.

நண்பர் வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். "எங்க அண்ணன் ஜாடை அப்படியே இருக்கு" என்றார். காசு வேண்டாமென்றார் இளைஞர். நண்பர் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு, இதையே அவளுடைய செல்பேசிக்கு முதலில் அனுப்பச் சொன்னார். அவள் சம்மதித்தால்தான் மற்றவர்களுக்கு என்றார்.